டாங்ராவின் பழைய சீன உணவகங்களைக் காக்கத்தான் வேண்டுமா?

வழிப்போக்கன்:
கொல்கத்தா டாங்ராவின் பழைய சீன உணவகங்களை அரசே காக்க வேண்டும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சென்ற மாதம் அவற்றுள் ஒன்றில் குடும்பத்துடன் உண்டேன். சோளமாவால் கெட்டியான குழம்பில் மிதந்த சில்லி சிக்கன், எங்கள் சென்னைத் தெருமுனை வண்டியில் கிடைப்பதிலிருந்து சிறிதும் வேறுபடவில்லை. சீனாவில் யாரும் உண்ணாத ஒன்றைச் சீனப் பாரம்பரியம் என்பது மிகையாகப் படுகிறது.

கங்கைக்கரையான்:
அன்பரே, உறவுமுறையைத் தலைகீழாகச் சொல்கிறீர்கள். உங்கள் தெருமுனைச் சுவைக்குப் பிறந்த வீடே கொல்கத்தாதான். மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியவராகப் பரவலாகக் கூறப்படும் நெல்சன் வாங்கும் கொல்கத்தாவில் பிறந்த சீனரே. சாதி இந்துக்கள் தொடத் தயங்கிய தோல் பதனிடும் தொழிலை டாங்ராவில் நடத்தியவர்கள் ஹக்கா என்னும் பிரிவைச் சேர்ந்த சீனர்கள். 1962 இந்திய-சீனப் போரின்போது நாட்டின் சீன வம்சாவளியினரில் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அதற்குப் பின்னும் ஊரைவிட்டுப் போகாதவர்களின் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றுமாறு 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தோல் போன பிறகு பல குடும்பங்களுக்கு மிஞ்சியது அடுப்புதான்.

கணக்கன்:
வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு சமையற்காரருக்குச் சம்பளம் கொடுக்காது. கொல்கத்தாவின் இன்னொரு பழைய சீனர் பகுதியான டிரெட்டா பஜாரில் ஒரு சீனக் கோயிலின் தரைத்தளத்தில் 1920களில் தொடங்கிய நான்கிங் உணவகம் எவ்வளவு புகழ் பெற்றிருந்தும் மூடப்பட்டது. மாடியில் கோயில் மட்டும் நிற்கிறது. ஒருகாலத்தில் இருபதாயிரம் என மதிப்பிடப்பட்ட சமூகம் இன்று சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் டொரான்டோவில் குடியேறிய பின், பாரம்பரியப் பலகை மாட்டினால் வாணலி பிடிக்க யார் வருவார்கள்?

கங்கைக்கரையான்:
வாணலி பிடிப்பவர் சீனராகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? டாங்ராவின் பல அடுக்களைகளில் உள்ளூர்க்காரர்களே சமைக்கிறார்கள். டிரெட்டா பஜாரின் ஞாயிறு காலைக் கடைகளிலும் அலுமினியப் பாத்திரங்களில் பாவோ என்னும் பூரணமிட்ட சீன பன்களை அவிப்பவர்கள் பலர் சீனரல்லர். நான் கேட்பது மானியமன்று. அந்த மனைகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி கட்டுவோர் கைக்குப் போகாதிருக்க ஒரு தடை மட்டுமே. வழிப்போக்கன் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: கணேஷ் சந்திர அவென்யூவில் பெட்ரோல் பங்க்குக்கு மேல்மாடியில் இயங்கும், நூறாண்டை ஒட்டிய இயோ சூ உணவகத்தில் சிம்னி சூப்புக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நடுக்குழாயில் கரி கனன்றுகொண்டிருக்க, சுற்றிலும் இறைச்சியும் இறாலும் காய்களும் கொதிக்கும் பாத்திரம் மேசைக்கு வரும். அதுவும் தெருமுனை வண்டியில் கிடைக்குமா என்று பிறகு எழுதுங்கள்.

கணக்கன்:
தனியார் மனையை விற்கக் கூடாது எனத் தடுத்தால், வயதான உரிமையாளரின் ஒரே சேமிப்பைத்தான் முடக்குகிறீர்கள். காப்பது அவரையா, உங்கள் நாக்கையா?

வழிப்போக்கன்:
இதில் நான் கணக்கன் பக்கமே. சில்லி சிக்கனின் பூர்வீகத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு காலைக் கடைகளுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

கங்கைக்கரையான்:
ஆறரைக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.