மறுமொழி: ஜியோதெர்மாமெட்ரிக்குத் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

உருமாறிய பாறைகள், அதாவது நிலத்தடியில் சூட்டாலும் அழுத்தத்தாலும் மாறிய பாறைகள், எந்த வெப்பநிலையைக் கண்டன என்று அவற்றின் கனிமங்களை வைத்துக் கணக்கிடும் முறைதான் ஜியோதெர்மாமெட்ரி. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குப் ‘புவிவெப்பமானி’ என்று வைக்கலாம் என இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

‘மானி’ என்றாலே ஒரு கருவிதான் மனதில் வரும். வேலூரில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் வந்தவர்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு மாணவி, “அதைப் பாறையில எங்க சார் வைப்பாங்க?” என்றாள். நியாயமான கேள்வி. ஜவ்வாது மலைப் பக்கத்துச் சார்னோக்கைட் என்னும் பாறை வெந்து உருமாறியது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தச் சூடு ஆறி எவ்வளவோ காலமாகிவிட்டது. தவிர, ‘புவிவெப்பம்’ என்பது நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. வெந்நீர் ஊற்றில் கரைந்துள்ள சிலிக்காவை வைத்து ஆழத்து வெப்பநிலையைக் கணிப்பவர்களுக்கு வேண்டுமானால் அந்தச் சொல் பொருந்தலாம்.

பாறையில் நடப்பது வேறு. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், வெளிர் இளஞ்சிவப்பாகக் கார்னெட் என்ற கனிமத்தின் மணி தெரியும். அதை ஒட்டியே பழுப்பு நிறத்தில் பயோடைட், அதாவது கறுப்புக் காக்காப்பொன். இரண்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் மாற்றிக்கொள்ளும். சூடு ஏற ஏற மக்னீசியம் கார்னெட் பக்கம் சாயும், ஆறும்போது பயோடைட்டுக்குத் திரும்பும். ஃபெரி, ஸ்பியர் என்ற இரு ஆய்வாளர்கள் 550 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சோதனை செய்து, 1978-இல் இந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு சமன்பாடு தந்தார்கள். இரு கனிமங்களிலும் உள்ள இரும்பு, மக்னீசிய விகிதத்தை எலக்ட்ரான் கற்றையால் அளந்து அதில் இட்டால் வெப்பநிலை கிடைக்கும்.

ஆக, இது கணிப்பு. என் பரிந்துரை ‘கனிம வெப்பநிலைக் கணிப்பு’. கணிக்க உதவும் சோடியைக் ‘கணிப்புச் சோடி’ எனலாம். பயோடைட் குறைந்த சார்னோக்கைட்டில் கார்னெட்டும் ஆர்த்தோபைராக்சீன் என்ற கனிமமும் சோடியாகும். ‘பாறை வெப்பநிலை’ என்று வைக்கக் கூடாது. ஏனென்றால் ஒரே கல்லில் இரண்டு சோடிகள் இரண்டு விடை தரும். நீளமாக இருக்கிறது என்று ‘நிலை’யை வெட்டவும் வேண்டாம், வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு.

அப்புறம், பட்டியலில் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதும் விளக்கவுரை. ‘பாறை உருவான வெப்பநிலை’ என்று எழுதினால் தப்பாகிவிடும். 800 டிகிரியைத் தாண்டிய பாறைகூட, பயோடைட்டைத் தொடும் கார்னெட் விளிம்பில் அளந்தால் 600 சொச்சம் காட்டக்கூடும். பாறை ஆறும்போதும் பரிமாற்றம் தொடர்கிறது; அணுக்கள் நகர முடியாத அளவுக்குக் குளிர்ந்ததும் நின்றுபோகிறது. நமக்குக் கிடைப்பது அந்த நின்றுபோன கட்டத்தின் எண். பெரிய மணியின் நடுப்பகுதி மட்டும் சில சமயம் பழைய உச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். நின்றுபோகும் அந்த நிலைக்குப் ‘பூட்டு வெப்பநிலை’ என்ற சொல்லையும் சேர்த்தே பட்டியலில் ஏற்ற வேண்டும். இது இல்லாமல் முதல் சொல்லை மட்டும் ஏற்றினால் மாணவர்கள் எண்ணைத் தவறாகத்தான் படிப்பார்கள்.

பாறை பட்ட அழுத்தத்தைக் கணக்கிடும் முறைக்கு இதே வழியில் ‘கனிம அழுத்தக் கணிப்பு’ சரியாக வரும். ‘பூட்டு’ என்பதற்கு மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்; ‘உறை’ மட்டும் வேண்டாம், உறைநிலையோடு குழம்பும்.

அன்புடன்,
வேலூரிலிருந்து