புதுப்பிப்பு: யூஎஸ்பி சார்ஜ் பாதியில் நிற்கும் சிக்கல் தீர்ந்தது

லினக்ஸ் கணினியில் போனைச் செருகினால் சில நொடிகளில் சார்ஜ் நின்றுவிடுகிறது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில் மின்னோட்டம் அளவு மீறியதாக எச்சரிக்கை வருகிறது, யூஎஸ்பி டிரைவரில்தான் (போர்ட்டை இயக்கும் மென்பொருள்) கோளாறு என்று போன வாரம் எழுதியிருந்தேன். பலர் சொன்னபடி கெர்னலைப் புதுப்பித்தேன். புதிய டிரைவரிலும் அதே எச்சரிக்கை.

கேபிளை மாற்றினேன். இரவு முழுவதும் தடையில்லாமல் சார்ஜ் ஏறியது.

எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்பதை கேபிளின் டைப்-சி முனைக்குள் (போனில் செருகும் பக்கம்) இருக்கும் ஒரு சின்ன மின்தடைதான் போனுக்குச் சொல்கிறது. டைப்-ஏ போர்ட்டில் (கணினியில் இருக்கும் அகலமான செவ்வக போர்ட்) செருகும் கேபிளில் அது 56 கிலோ ஓம் இருக்க வேண்டும். 10 கிலோ ஓம் இருந்தால் ‘3 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்’ என்று பொருள். என்னுடையதோ யூஎஸ்பி 2.0 போர்ட், அதன் வரம்பு 500 மில்லியாம்பியர். பழைய கேபிளின் முனையை மல்டிமீட்டரில் அளந்தேன்: 9.9 கிலோ ஓம்.

டிரைவர்மீது நான் போட்ட பழி தவறு. போர்ட்டின் காப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்தது. டிரைவர் அதை உள்ளபடி சொன்னது. அந்த எச்சரிக்கையை மறைக்க வழி கேட்டவர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் காப்புச் சுற்று இல்லாதிருந்தால் தாய்ப்பலகையே கருகியிருக்கலாம்.

அந்தக் கேபிளை வேறு யாரும் எடுத்துவிடாதபடி இரண்டாக வெட்டிவிட்டேன்.