ஸ்விஃப்ட் பெட்ரோல், 82,000 கி.மீ.: 44,000 ரூபாய் எஸ்டிமேட்டில் எதை வெட்டலாம்?

அம்பத்தூர்வாசி:

வண்டி 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட்:

ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிளக் 4 – 6,200
முன் பிரேக் பேட், டிஸ்க் கடைசல் – 4,100
பிரேக் ஆயில், கூலன்ட் – 1,900
முன் ஷாக் 2, லோயர் ஆர்ம் 2 – 14,800
கிளட்ச் செட் – 9,500
இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் க்ளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் – 7,500

மொத்தம் 44,000. என்னால் முடிந்தது 20,000. சின்னச் சின்னப் பள்ளத்தில் இடது முன்பக்கம் 'டக் டக்' சத்தம் வருகிறது. கிளட்ச் பெடல் முன்பை விட மேலே வந்துதான் பிடிக்கிறது. மைலேஜ், பிக்கப் இரண்டிலும் குறையில்லை. பார்ட்ஸை வெளியே வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டலாமா? புது பார்ட்ஸ் விற்கும் ஜி.பி. ரோடு, பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டை, ஆன்லைன், எதை எங்கே வாங்குவது?

ஸ்பேனர்_12:

மலிவான பார்ட்ஸ் தேடுவதற்கு முன்னால், எந்த பார்ட்ஸ் தேவையே இல்லை என்று பாருங்கள். பணம் அங்கேதான் மிச்சமாகும்.

கடைசி வரி 7,500ஐ முதலில் அடியுங்கள். மைலேஜ் குறையாத வண்டிக்கு இன்ஜெக்டர் க்ளீனிங் எதற்கு? இன்ஜின் டிரெஸ்ஸிங் என்பது பளபளப்பு, அவ்வளவுதான். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு தகடு இன்னும் வேகமாக அரிக்கும். ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கினால் மட்டும் த்ராட்டில் பாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். ஒரு கேன் ஸ்ப்ரேயும் அரை மணி நேரமும் போதும்.

கிளட்ச்: உங்கள் வண்டியில் கேபிள் கிளட்ச். பிளேட் தேயத் தேயப் பெடல் பிடிக்கும் இடம் மேலே ஏறும், ஃப்ரீ ப்ளே (மிதித்ததும் பெடல் முதலில் சும்மா போகும் தூரம்) குறையும். ஃப்ரீ ப்ளே சுத்தமாக இல்லாமல் போனால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே சுற்றும், கிளட்ச் வழுக்கவும் ஆரம்பிக்கும். அதனால் முதல் வேலை கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். பிறகு காலி ரோட்டில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். வண்டி மெதுவாகத்தான் வேகம் எடுக்கும், ஆர்.பி.எம். முள்ளும் அதோடு சேர்ந்து ஏறினால் பிளேட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. முள் மட்டும் பாய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். அப்படி மாற்றினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இறக்குகிற கூலிதான் பெரிது. பேரிங்கில் காசு மிச்சம் பிடித்து, அதற்காக இன்னொரு முறை இறக்கினால் இரட்டைச் செலவு. இறக்கிய கையோடு கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

'டக் டக்': ஷாக் என்று முடிவு கட்டாதீர்கள். சின்னப் பள்ளத்தில் மட்டும் சத்தம் என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) மேல்தான். வண்டியைத் தூக்கி லிங்க்கைக் கையால் ஆட்டினாலே தெரிந்துவிடும். விலையும் கொஞ்சம்தான், இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம். அடுத்து, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ், அதாவது ரப்பர் மூட்டு. ரப்பர் வெடித்திருந்தால் புஷ் மட்டும் பிரஸ் பண்ணி மாற்றலாம். ஆர்ம் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் ஆடினால்தான் ஆர்மையே மாற்ற வேண்டும். ஷாக்கில் லேசான எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டியிருப்பது சகஜம். எண்ணெய் வழிந்து ஈரமாகவே இருந்தால் மாற்றுங்கள், அதுவும் ஜோடியாக. மேலே இருக்கிற மவுண்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். ஆர்ம், ஷாக் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் செலவையும் கணக்கில் வையுங்கள். அதை விட்டால் டயர் தின்றுவிடும்.

பிரேக்: "பேட் தேய்ந்துவிட்டது" என்றால் "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். 3 மி.மீ. பக்கம் வந்திருந்தால் மாற்றலாம், 6 என்றால் இன்னும் ஓட்டலாம். பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிராவிட்டால் டிஸ்க் கடைசல் (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) வேண்டாம். அனாவசியமாகக் கடைந்தால் டிஸ்க்கின் ஆயுள்தான் குறையும். எவ்வளவு மெலியலாம் என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

வெட்டக் கூடாதவை ஆயிலும் பிரேக் ஆயிலும். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். பெல்ட் மாற்றும் செலவு மிச்சம். ஆனால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. அழுக்கு ஆயிலில் ஓட்டினால் அங்கேதான் அடி விழும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும், மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பெட்டி_பார்ப்பவன்:

வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

'ஸ்விஃப்ட் 2014 பேட்' என்று கடையில் கேட்காதீர்கள். ஒரே வருடத்திலேயே பார்ட் மாறியிருக்கலாம், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறாக இருக்கலாம். ஆர்.சி.யில் இருக்கிற எம்ஏ3 என்று தொடங்கும் 17 இலக்கச் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் வாங்குங்கள். மாருதி பார்ட் நம்பரின் நடுவில் பெரும்பாலும் எம் என்ற எழுத்து வரும். அந்த நம்பரை ஆன்லைனில் போட்டால் விலையும் மாற்று பிராண்டுகளும் வரிசையாக வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜி.பி. ரோட்டில் பேரம் பேசுங்கள். எம்.ஆர்.பி. என்பது உச்ச விலை. தள்ளுபடி கேட்டால் கொடுப்பார்கள்.

கார் கம்பெனிகள் பெரும்பாலான பார்ட்ஸைத் தாங்களே செய்வதில்லை. செய்து கொடுக்கும் சப்ளையரே அதே தரத்தில் தன் சொந்தப் பெட்டியிலும் விற்பது உண்டு. விலை குறைவாக இருக்கும், நமக்கு லாபம் அங்கேதான். பேடுக்கு ரானே, டிவிஎஸ் கிர்லிங், கிளட்ச்சுக்கு வாலியோ, எக்ஸெடி, லூக், ஷாக்குக்கு கேப்ரியல், பிளக்குக்கு என்ஜிகே, பாஷ். எது வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள், பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீத வரிதான். பழைய 28 சதவீத விலை ஸ்டிக்கரோடு சரக்கு வந்தால் வித்தியாசத்தைக் கேளுங்கள்.

டூப்ளிகேட் அதிகம் புழங்குவது ஆயில் ஃபில்டரிலும் பேடிலும். போலி ஃபில்டரில் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு ஆயிலைத் தேக்கி வைக்காது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சில நொடி செயின் பக்கம் 'கரகர' என்று கேட்டால் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். இந்த இரண்டையும் மட்டும் மாருதி கவுன்டரிலோ அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற டீலரிடமோ வாங்கிவிடுங்கள், மிச்சமாகிற நூறு ரூபாய்க்காக ரிஸ்க் வேண்டாம்.

புதுப்பேட்டை கண்ணாடி, சைடு மிரர், பம்பர், ஹெட்லைட், இரும்பு வீல், சீட்டுக்கு அருமை. பிரேக், டயர், ஏர்பேக், சீட் பெல்ட், ரப்பர் சமாச்சாரம் எதையும் அங்கே வாங்காதீர்கள். இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.எம். வாங்கினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியோடு ஒத்துப்போகாமல் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

கிரீஸ்_கை:

ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஒண்ணு விட்டுட்டாங்க. நீங்க பார்ட்ஸ் வாங்கிட்டு வந்தா மெக்கானிக்குக்கு அதுல மார்ஜின் கிடையாது, கூலியைக் கொஞ்சம் கூட்டித்தான் கேப்பார். நியாயம்தான். வேலைக்கு முன்னாடியே பேசிடுங்க. பார்ட் போச்சுன்னா மறுபடி கழட்டி மாட்டுற கூலி யார் தலையில, அதையும் பேசிடுங்க. இல்லேன்னா பின்னால சண்டைதான். கழட்டின பழைய பார்ட் எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்குங்க.

பேட் மாத்துறப்ப, பேடை அழுத்துற கேலிப்பர் நகர்றதுக்குன்னு இருக்கிற ஸ்லைடு பின்னைக் கழட்டித் துடைச்சு, அதுக்குன்னு இருக்கிற சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்க. பின் பிடிச்சுக்கிட்டா உள்பக்கப் பேட் மட்டும் தேஞ்சிடும், வெளிப்பக்கம் புதுசா நிக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேல டப்பாவுல பிரேக் ஆயில் பொங்கும், பெயின்ட்ல பட்டா உரிஞ்சிடும், துணி போட்டுக்கணும்.

பிளக் இன்ஜின் ஆறினப்புறம்தான். அலுமினியம் ஹெட், சூட்டுல முறுக்கினா மரை போயிடும். கையால முழுசா ஏத்திட்டு, புது வாஷருக்கு ஸ்பேனரால அரைச் சுத்து போதும்.

அம்பத்தூர்வாசி:

நன்றி. வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். இடது ஸ்டெபிலைசர் லிங்க் ஆடுகிறது, ஷாக் காய்ந்துதான் இருக்கிறது. பேட் உள்பக்கம் 3 மி.மீ., வெளிப்பக்கம் 6. கேபிள் அட்ஜஸ்ட் பண்ணியதும் கிளட்ச் கீழேயே பிடிக்கிறது, டெஸ்ட்டில் முள் பாயவில்லை. கூலன்ட் பச்சையாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் குறைந்திருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றலாமா?

ஸ்பேனர்_12:

உள்பக்கம் மட்டும் இவ்வளவு தேய்ந்ததற்குக் காரணம் கிரீஸ்_கை சொன்ன அதே ஸ்லைடு பின்தான். பேட் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னை விட்டால் புதுப் பேடும் இதே கதிதான்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டருக்குள் உப்புப் படியும். அதே பச்சை ரகத்தில் ரெடிமிக்ஸ் கூலன்ட் ஒரு லிட்டர் வாங்கி, இன்ஜின் ஆறியிருக்கும்போது டப்பாவில் மேல் கோடு வரை ஊற்றுங்கள். வேறு நிறத்தைக் கலக்காதீர்கள். 2 வாரத்தில் மறுபடி இறங்கினால் வாட்டர் பம்ப், ஹோஸ் கிளிப் பக்கம் வெள்ளைக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கறை தெரிந்தால் படத்தை இங்கே போடுங்கள்.