மறு: வழக்குரைஞர் கட்டணம் – இரண்டு சொல் எதற்கு?

> எல்லா இடத்திலும் "வழக்குரைஞர் கட்டணம்" என்றே போட்டுவிடலாமே.

ஐயா, தமிழில் மொழிபெயர்க்கும்போது வேறு வழக்குகளுக்கு அப்படிப் போடலாம். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி இயலாமை வழக்குகளில் (வேலை செய்ய இயலாதவர்கள் அரசிடம் பலன் கேட்டுப் போடும் வழக்குகள்) அது குழப்பிவிடும். அங்கே ஒரே வக்கீலுக்கு ஒரே வேலைக்கு இரண்டு பைகளிலிருந்து பணம் வரலாம்.

ஒன்று, சோஷியல் செக்யூரிட்டி வழக்குகளில் வக்கீல் கட்டணத்தைப் பற்றிய 406(பி) சட்டப்பிரிவு. மறுக்கப்பட்ட பலன் கோர்ட்டுக்குப் போன பிறகு கிடைத்தால், அதுவரை தராமல் சேர்ந்திருக்கும் பலன் நிலுவையில் 25 விழுக்காட்டுக்கு மிகாமல் நீதிமன்றம் வக்கீலுக்கு அனுமதிக்கலாம். இது கட்சிக்காரரின் பணம். மற்றது, ஈஜா (ஈக்வல் ஆக்சஸ் டு ஜஸ்டிஸ் ஆக்ட்) என்று சுருக்கிச் சொல்லும் 1980ஆம் ஆண்டுச் சட்டம். தோற்ற அரசுத்தரப்பின் நிலைப்பாட்டுக்குப் போதிய நியாயம் இல்லையென்றால் அரசே தர வேண்டும். இரண்டும் கிடைத்தால் சிறியதை வக்கீல் கட்சிக்காரரிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். பேச்சுக்கு, நிலுவை 80,000 டாலர். கோர்ட் 20,000 அனுமதிக்கிறது. ஈஜாவில் ஏற்கெனவே 7,000 வாங்கியாயிற்று. அந்த 7,000 கட்சிக்காரருக்கு. இதை ஒரே சொல்லால் எழுதினால், "வழக்குரைஞர் கட்டணம் பெற்றவர் வழக்குரைஞர் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்றாகும். யாருக்குப் புரியும்?

ஈஜா தொகைக்கு நம்மிடமே சொல் இருக்கிறது: செலவுத்தொகை. "செலவுத்தொகையுடன் தீர்ப்பளிக்கப்படுகிறது" என்று நம் சிவில் கோர்ட்டுகளில் எழுதுவதுதான், தோற்ற தரப்பு ஜெயித்தவருக்குத் தர வேண்டிய வழக்குச் செலவு. பொருத்தமும் மேலோட்டமானதல்ல. ராட்லிஃப் வழக்கில் (2010) அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஈஜா தொகை வக்கீலுக்கல்ல, கட்சிக்காரருக்கே உரியது, அவர் அரசுக்குக் கடன்பட்டிருந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம் என்றது. கழித்துக்கொண்டபின் கைக்கு எதுவும் வராமலும் போகலாம். அதைப் போய்க் "கட்டணம்" என்பதா?

406(பி)க்கு ஒருவர் முன்வைத்த "வெற்றிக் கட்டணம்" காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கோர்ட்டில் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் வழக்கு மறுபரிசீலனைக்கு, பலனை மறுத்த துறையிடமே திரும்பிப் போவதுதான். அங்கே பலன் கிடைக்காவிட்டால் இந்தப் பிரிவில் வக்கீலுக்கு ஒரு காசும் இல்லை. நிலுவை இருந்தால்தான் பங்கு. ஆகவே என் பரிந்துரை, நிலுவைப்பங்குக் கட்டணம். (இங்கே பார் கவுன்சில் விதிப்படி வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசவே கூடாது. புழக்கத்தில் சொல் இல்லாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.)

அடுத்து, 406(பி)யில் கோர்ட்டு கட்டணத்தை அனுமதிப்பதற்குச் சொல்லப்பட்ட "கட்டண நிர்ணயம்". சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் சரிதான். ஆனால் கிஸ்பிரெக்ட் வழக்குக்குப் (2002) பிறகு அங்கே கோர்ட்டு உழைத்த மணிநேரத்தை ஒரு மணிக்கான கட்டணத்தால் பெருக்கித் தொகை நிர்ணயிப்பதிலிருந்து தொடங்குவதில்லை. வக்கீலும் கட்சிக்காரரும் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, அது நியாயமா என்று பார்க்கிறது. வக்கீலே இழுத்தடித்திருந்தாலோ, செய்த வேலைக்குத் தொகை மிகப் பெரிதாக இருந்தாலோ குறைக்கிறது. எனவே "கட்டண ஒப்புதல்" போதும்.

இந்த வழக்குகளில் கேட்கும் பலனுக்கு "மாற்றுத்திறனாளி உதவித்தொகை"யும் வேண்டாம். எஸ்எஸ்டிஐ (சோஷியல் செக்யூரிட்டி இயலாமைக் காப்பீடு) என்பது சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்து வரும் காப்பீடு, உதவி அல்ல. "இயலாமைப் பலன்" என்றால் எஸ்எஸ்ஐக்கும் (வருமானம் குறைந்தவர்களுக்கான தனித் திட்டம்) சேர்த்துப் பொருந்தும்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. வக்கீலுக்காக நிலுவையில் கால் பங்கைத் துறை கையில் வைத்திருக்குமே, அதற்கு என்ன சொல்வது? "பிடித்தம்" என்றால் போனது போனதுதான் என்றாகிவிடுகிறது. கோர்ட்டு குறைத்தால் மிச்சம் கட்சிக்காரருக்கு வரும். "நிறுத்திவைப்பு" என்று யோசித்தேன், ஆனால் அது தண்டனை மாதிரி ஒலிக்கிறது. வங்கியில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.