பெரிய வீடு குழு: பெரியப்பாவுக்கு இயர்போன்

வசந்தா பெரியம்மா: யாராவது இவருக்கு ஒரு நல்ல இயர்போன் சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணி வரை போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பாட்டு. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

சுதா அத்தை: இன்னுமா அண்ணி 😀

மீனா அக்கா: நான் வாங்கிக் கொடுத்தது என்ன ஆச்சு அம்மா?

வசந்தா பெரியம்மா: காதில் நிற்கவில்லையாம். இடது பக்கம் கேட்கவே இல்லையாம். அலமாரியில் தூங்குகிறது.

அருண்: எந்த மாடல்

மீனா அக்கா: வெள்ளை

அருண்: அது கலர் அக்கா

ரவி சித்தப்பா: இருப்பதிலேயே விலை கூடியதை வாங்குங்கள். மலிவு எல்லாம் குப்பை.

கார்த்தி: அப்படி இல்லை அப்பா. இருங்கள், விளக்கமாகச் சொல்கிறேன்.

அருண்: போச்சு

கார்த்தி: முதலில் பார்க்க வேண்டியது விலை இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை. நுனியில் இருக்கும் ரப்பர். அது காதுத் துளையை நன்றாக அடைத்து உட்கார வேண்டும். துளி இடைவெளி இருந்தாலும் பேஸ், அதாவது தாழ்ந்த அடித்தொனி, எல்லாம் கசிந்துவிடும். பாட்டு தகரம் மாதிரி கேட்கும், நாம் இயர்போனைத் திட்டுவோம். பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வைத்திருப்பார்கள். நடுத்தரத்தை மாட்டி விற்கிறார்கள், நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. மாட்டிக்கொண்டு விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் கூடினால் அந்த அளவு சரியில்லை.

சுதா அத்தை: மீனா, பாஸ்போர்ட் நகல் அனுப்பினாயா?

மீனா அக்கா: சாயங்காலம் அனுப்புகிறேன் அத்தை

வசந்தா பெரியம்மா: பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறார். பேசமாட்டேன் என்கிறார்.

பெரியப்பா: எனக்கு எதுவும் வேண்டாம். போன் ஸ்பீக்கரே தெளிவாக இருக்கிறது.

ரவி சித்தப்பா: அண்ணா, அண்ணிக்காகவாவது

பெரியப்பா: அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டவன் எனக்கு ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ரவி சித்தப்பா: ஆரம்பித்துவிட்டார்

சுதா அத்தை: அந்த ரேடியோவின் ஒரு குமிழ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பெரியப்பா: உன்னிடமா?!

மீனா அக்கா: விஷயத்துக்கு வாருங்கள். வயர் வைத்ததா, வயர்லெஸ்ஸா?

கார்த்தி: ஒரே காசுக்கு ஒலி மட்டும் பார்த்தால் வயர்தான். வயர்லெஸ்ஸில் அதே காசு பேட்டரி, ப்ளூடூத், மைக், சார்ஜிங் டப்பா என்று பிரிந்து போகிறது. அந்தக் குட்டி பேட்டரியும் சில வருடத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்றவும் வழியில்லை. ஷூர் எஸ்இ215 மாதிரி வயரைக் கழற்றி மாட்டுகிற வகையில், வயர் போனால் வயரை மட்டும் மாற்றினால் போதும்.

மீனா அக்கா: அப்பா போனில் வயர் செருகும் ஓட்டையே இல்லையே

அருண்: 2016-இல் ஐபோன் 7 பரப்பிவிட்ட வினை. சார்ஜ் ஓட்டையில் செருகி அதில் வயரை மாட்டுகிற டைப்-சி டாங்கிள் வாங்கணும்.

சுதா அத்தை: அண்ணா அதைத் தொலைத்துவிடுவார்

வசந்தா பெரியம்மா: வயர் வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்.

கார்த்தி: படுத்துக்கொண்டு கேட்பது என்றால் கணக்கே வேறு. ஒருக்களித்துப் படுப்பாரா பெரியம்மா?

வசந்தா பெரியம்மா: வலது பக்கமாக

பெரியப்பா: இடது.

கார்த்தி: எந்தப் பக்கமானாலும், காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது தலையணையில் அழுத்தி வலிக்கும். உடல் பகுதி சின்னதாக, காது மடலுக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும்.

ரவி சித்தப்பா: நாய்ஸ் கேன்சலிங் இருக்கட்டும். அப்புறம் பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்று போட்டதாகப் பார்.

கார்த்தி: ஹெர்ட்ஸ் கூடக் கூட ஒலி கீச்சென்று ஆகும். மனிதக் காது கேட்பதே சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயதாக ஆக மேலே இருப்பது தானாகக் குறையும்.

ரவி சித்தப்பா: வயதைப் பற்றி யார் கேட்டது

கார்த்தி: நாய்ஸ் கேன்சலிங் மின்விசிறி, எஞ்சின் மாதிரி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக அமுக்கும். பேச்சுக் குரலை அவ்வளவாக அமுக்காது.

பெரியப்பா: அப்படியானால் அது வேண்டாம்.

வசந்தா பெரியம்மா: பார்த்தாயா சுதா

அருண்: 😂😂

அருண்: மச்சான் எல்டிஏசி இருக்கிற மாதிரி பாரு

கார்த்தி: அது ப்ளூடூத்தில் பாட்டை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் முறை, நல்லதுதான். ஆனால் போன், இயர்போன் இரண்டிலும் இருந்தால்தான் வேலை செய்யும். ஐபோனில் கிடையாது. பெரியப்பா கேட்பது எல்லாம் பழைய ஒலிப்பதிவு, அதிலேயே இரைச்சல் இருக்கும். அவருக்கு வித்தியாசம் தெரியாது.

பெரியப்பா: தெரியும்.

சுதா அத்தை: எங்கள் வீட்டில் இரண்டு பேருடையதையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அவருடையதுதான் நன்றாக இருந்தது. அதையே வாங்கிவிடலாமே?

கார்த்தி: இரண்டிலும் சத்தம் ஒரே அளவா அத்தை?

சுதா அத்தை: அதை யார் பார்த்தார்கள்

கார்த்தி: அங்கேதான் ஏமாறுகிறோம். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருந்தாலே நமக்கு அது தெளிவாக, நிறைவாக இருப்பதாகத் தோன்றும். சத்தத்தைச் சமமாக வைத்து, நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டின் ஒரே இடத்தை இரண்டிலும் கேட்க வேண்டும். குரல் முன்னால் நிற்கிறதா, “ச” வரும்போது காதைக் குத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் போட்ட பிறகு காது வலிக்கிறதா என்பதை அதற்கும் மேலே வைப்பேன்.

அருண்: கட்டுரைப் போட்டியா

ரவி சித்தப்பா: 🎤 குரல் பதிவு 3:12

மீனா அக்கா: இதை யாரும் கேட்கப் போவதில்லை சித்தப்பா, எழுதுங்கள்

மீனா அக்கா: அம்மா, அந்தப் பழையதைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்

வசந்தா பெரியம்மா: 📷 புகைப்படம்

வசந்தா பெரியம்மா: 📷 புகைப்படம்

அருண்: முதல் படம் உங்கள் கட்டைவிரல் அத்தை

அருண்: ஐயோ. இடது பக்க வலை முழுக்கக் குறும்பி

கார்த்தி: அதனால்தான் கேட்கவில்லை! ரப்பரைக் கழற்றுங்கள். வலை தரையைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். தூள் கீழே விழ வேண்டும், உள்ளே போகக் கூடாது. தண்ணீர் வேண்டாம். ஊசி போட்டுக் குத்தவே கூடாது. ரப்பரை மட்டும் தனியாகச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம்.

ரவி சித்தப்பா: நான் வந்து பார்க்கட்டுமா?

பெரியப்பா: நீ அதைத் தொடாதே.

மீனா அக்கா: டப்பாவில் மற்ற ரப்பர்கள் இருக்கின்றனவா?

வசந்தா பெரியம்மா: இருக்கிறது, பிரிக்கவே இல்லை. பெரியதை மாட்டிக் கொடுத்திருக்கிறேன்.

சுதா அத்தை: என்ன ஆச்சு?

சுதா அத்தை: அண்ணா?

வசந்தா பெரியம்மா: இரண்டு பக்கமும் கேட்கிறதாம். இப்போது கூடவே பாடுகிறார்.

பெரியப்பா: என் குரல் உள்ளே கணீரென்று கேட்கிறது. நல்ல இயர்போன்.

கார்த்தி: அது இயர்போன் இல்லை பெரியப்பா. காதை அடைத்தால் நம் குரல் எலும்பு வழியாக வந்து உள்ளேயே முழங்கும். சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபெல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்தான்.

வசந்தா பெரியம்மா: யாரிடம் சொல்கிறாய். காது கேட்டால்தானே.

மீனா அக்கா: அப்போது புதியது வாங்கவா, வேண்டாமா?

ரவி சித்தப்பா: வாங்கு. என் பங்கைத் தருகிறேன்.

சுதா அத்தை: மிக்ஸிக்கும் இப்படித்தான் சொன்னாய் ரவி அண்ணா

ரவி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண்: நான் படித்துவிட்டேன் மாமா

கார்த்தி: வாங்குவதானால் ஃபோம் நுனி தனியாகக் கிடைக்கிறது, முதலில் அதை மாட்டிப் பார்க்கலாம். அமுக்கி உள்ளே விட்டால் காதின் வடிவத்துக்கு விரியும். இப்போதுள்ள சிலிக்கோன் ரப்பரை விடச் சீக்கிரம் நைந்துபோகும், ஆனால்

மீனா அக்கா: கார்த்தி, தனியாகப் போன் செய்

பெரியப்பா: சுதா, அந்தக் குமிழை எப்போது கொண்டுவருகிறாய்?