ஆபரேஷன் ஆகி 8 வாரம், முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. மயக்கம் கொடுத்து மடக்கலாம் என்கிறார்கள், செய்துகொள்ளலாமா?

பெரம்பூர் தையல்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 63 வயது. 38 வருடமாக வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பொங்கல் முடிந்த வாரம் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது. இன்றோடு 8 வாரம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "ரொம்ப நல்லா உட்கார்ந்திருக்கு" என்கிறார். உட்கார்ந்திருப்பது அது. உட்கார முடியாமல் தவிப்பது நான்.

கால் 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. பிசியோ தம்பி அளந்து சொன்னதை நம்பாமல் நானே பார்த்தேன். துணி வெட்ட வைத்திருக்கும் எல் ஸ்கேலின் மூலையை முட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மடக்கினால், குதிகால் அந்தக் குச்சியைத் தொட இன்னும் அரைச் சாண் பாக்கி. மிதி மிஷினில் உட்கார்ந்தால் கால் மிதியில் பதிவதில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டால் கை ஊசிக்கு எட்டுவதில்லை. சித்திரையில் இரண்டு கல்யாண வீட்டுத் துணி வாங்கி வைத்திருக்கிறேன்.

வீக்கமும் இருக்கிறது. தினமும் காலையில் முட்டிக்கு மேல் இஞ்ச் டேப் வைத்து அளந்து காலண்டரில் குறிக்கிறேன். இடது 15½, வலது 17¼. மூன்றாவது வாரம் வலது 18 இருந்தது. தொட்டால் சூடு. வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு மரத்துப் போயிருக்கிறது. நடக்கும்போது பாபின் கேஸ் மாட்டுகிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம் வேறு. இதில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. கேட்டால் "சரியாயிடும்மா".

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பிசியோ வீட்டுக்கு வந்தது 12 நாள்தான். ஒரு தடவைக்கு 500 ரூபாய் என்பதால், இனி நானே செய்துகொள்கிறேன் என்று நிறுத்திவிட்டேன். வலித்தால் பாதியிலேயே விட்டுவிடுவேன். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருந்தது, அப்படியே படுத்தேன்.

இப்போது அடுத்த வாரம் வந்தால், மயக்கம் கொடுத்து, கத்தி வைக்காமல், அவர்களே மடக்கிவிடுகிறோம் என்கிறார்கள். மருமகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். புது மூட்டு கழன்றுவிடுமாம். கீழ் வீட்டு அம்மா எலும்பு உடையும் என்கிறார். பேசாமல் இருந்தால் தானாக மடங்குமா? செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இடது முட்டியும் தேய்ந்துதான் இருக்கிறது, அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்

சகோதரி, நான் செய்துகொண்டவன். 31 வருடம் மாநகரப் பேருந்து. கிளட்ச் மிதித்தே இடது முட்டி முதலில் போனது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, இது என் கணக்கு. 2019இல் இடது, 2021இல் வலது. வலது ஒரு தொல்லையும் தரவில்லை. இடது காலுக்கு உங்கள் கதையேதான், 75இல் போய் நின்றுகொண்டது.

9ஆவது வாரம் மயக்கம் கொடுத்து மடக்கினார்கள். உள்ளே போய் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். உள்ளே ஒட்டிக்கிடக்கிற தழும்பு பிரியும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி கேட்கும் என்று டாக்டரே சொன்னார். நல்லவேளை, நான் கேட்கவில்லை. அன்று சாயந்திரமே காலை ஒரு மெஷினில் கட்டி மடக்கி நீட்ட விட்டார்கள். அந்த மூன்று நாளைக்கு ஆபரேஷன் வலியே தேவலாம். ஆனால் இன்றைக்கு 110 மடங்குகிறது. காலையில் உழைப்பாளர் சிலையிலிருந்து கண்ணகி சிலை வரை நடந்து திரும்புகிறேன். சம்மணம் போடுவதை மட்டும் விட்டுவிட்டேன். தாழ்தளப் பேருந்து வந்தால் ஏறுவேன், இல்லையென்றால் அடுத்ததற்கு நிற்பேன். படி உயரம் எவ்வளவு என்று இத்தனை வருடம் ஓட்டியவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

மிஷினுக்கு மோட்டார் போட்டு இடது காலால் ஓட்டிப் பாருங்களேன்.

வளசரவாக்கம் பிசியோ

அம்மா, எல் ஸ்கேல் வைத்து முட்டியை அளந்தவரை 14 வருடத்தில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உங்களை மாதிரி ஆளிடம் எண்களையே சொல்லலாம். சமதரையில் நடக்க 65, 70 மடங்கினால் போதும். அதனால்தான் வீட்டுக்குள் உங்களால் நடமாட முடிகிறது. படி ஏற ஏறக்குறைய 85 வேண்டும், இறங்க 90. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ அதற்கும் கொஞ்சம் மேலே. 8 வாரத்தில் 70 என்பது குறைவுதான்.

தானாக மடங்குமா என்று கேட்டீர்கள். உள்ளே தழும்புத் திசு வளர்ந்து ஒட்டுகிறது. முதல் மூன்று மாதம் அது இளசாக இருக்கும், போகப் போக முற்றிவிடும். மயக்கத்தில் மடக்குவதென்றால் 12 வாரத்துக்குள் என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்வது அதனால்தான். தள்ளிப் போட்டால் பலனும் குறையும், எலும்பு முறியும் ஆபத்தும் கூடும். முறிவு, தசைநார் கிழிவு இரண்டுமே அரிது. உங்கள் கீழ் வீட்டு அம்மா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எலும்பு பலவீனமாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மடக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா படுத்தால் பணம் தண்டம், அன்றைக்கே பிசியோ ஆரம்பிக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது? அதை ஒட்டித்தான் பின்னும் அமையும்.

தலையணையை இன்றே எடுங்கள். எல்லோரும் மடங்குவதைப் பற்றியே கேட்கிறார்கள், நீட்டுவதை யாரும் கேட்பதில்லை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் கால் லேசாக மடங்கினபடியே இறுகும். அப்புறம் ஒரு கால் குட்டையான மாதிரி சாய்ந்து நடப்பீர்கள், இடுப்பும் சேர்ந்து வலிக்கும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள்.

சூடு சில மாதம் இருக்கும். மரத்துப் போவதற்குக் காரணம், தோலை வெட்டும்போது அங்கே ஓடும் சின்ன நரம்பு அறுபடுவது. அந்த இடம் மெல்லச் சுருங்கும், கொஞ்சம் கடைசிவரை மிஞ்சவும் செய்யலாம். 'டக்' என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடுகிற சத்தம், வலி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். டேப்பைக் கெண்டைக்காலிலும் வையுங்கள். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பெருத்து வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108.

மடிப்பாக்கம் மகள்

அம்மா, மடக்குவதற்கு முன்னால் உள்ளே கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என் அப்பாவுக்கும் இதே வீக்கம், சூடு, மடங்காமைதான். கூடவே தையல் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஈரம், லுங்கியில் கறை. ஆபரேஷன் செய்த இடத்தில் காட்டினோம், மேல்தோல்தான் என்று அனுப்பிவிட்டார்கள். தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காய்ந்தது. நிறுத்தினதும் மறுபடி ஈரம். இப்படியே மூன்று சுற்று.

5ஆவது மாதம் வேறு டாக்டரிடம் போனோம். ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்தால் சீழ். மாத்திரை தின்றுகொண்டே இருந்ததால் கல்ச்சரில் கிருமி வளரவில்லை, என்ன கிருமி என்றே தெரியவில்லை. மருந்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தார்கள். அந்த இரண்டு வாரம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் கட்டி வைத்து, 6 வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றி, அப்புறம்தான் புது மூட்டு. முதல் செலவைப் போல மூன்று மடங்கு ஆனது. ஆரம்பத்திலேயே திறந்து கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றியிருந்தால் மூட்டு தப்பியிருக்கலாம் என்றார் அந்த டாக்டர்.

நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் இப்படி ஆகும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். சொன்னது உண்மைதான். அந்த ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார்.

சிஆர்பி, இஎஸ்ஆர் இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை. எடுத்தீர்களா? சர்க்கரை உண்டா?

தாம்பரம் இடுப்பு

நான் இடுப்பு மூட்டு கட்சி. தோல் வியாதிக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டுப் பந்துக்கிண்ண மூட்டுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய், 2022இல் 41 வயதில் மாற்றினார்கள். உங்களிடம் மடக்கு மடக்கு என்கிறார்கள், எங்களிடம் 90க்கு மேல் மடக்காதே, கால் மேல் கால் போடாதே என்கிறார்கள். 6ஆவது வாரம் தாழ்வான சோபாவில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன், 'டொக்' என்று கழன்றது. எனக்கும் மயக்கம் கொடுத்துத்தான் திரும்ப மாட்டினார்கள். அப்புறம் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தக் கால் மட்டும் கொஞ்சம் நீளமாகிவிட்டது. மற்ற கால் செருப்புக்கு ஸ்டேஷன் வாசலில் ஒருவர் குதிகால் உயர்த்திக் கொடுத்தார், 80 ரூபாய்.

இடது முட்டிக்குப் பயப்படுகிறீர்களே, அதற்காக ஒன்று. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுகளில் 25 வருடம் தாங்கிய முழங்கால் மூட்டு 82 சதவீதம், இடுப்பு மூட்டு 58 சதவீதம். உங்கள் வயதுக்கு அது போதும். நான்தான் 66இல் என்ன ஆகுமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூர் தையல்காரி

எல்லோருக்கும் நன்றி. மகளே, நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாளே ரத்தம் கொடுத்தேன். சிஆர்பி 4, டாக்டர் சரியென்று சொல்லிவிட்டார். சர்க்கரை உண்டு, மூன்று மாத சராசரி 7.2. தையல் ஓரம் காய்ந்துதான் இருக்கிறது. அப்பா இப்போது நடக்கிறாரா?

பிசியோ தம்பி, முன்னால் 95 மடங்கியது. நீட்டிப் பார்த்தேன். தரையில் காலை நீட்டினால் முட்டிக்கு அடியில் ஒரு நூல்கண்டு உருண்டு போகிறது. இடது காலில் போகவில்லை. தலையணையைப் பேரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டிரைவர் அண்ணா, மோட்டாரில் பட்டு ரவிக்கை தைத்தால் துணி ஓடிவிடும், கழுத்துப்பட்டி கோணும். என் கால் சொல்கிற வேகத்துக்குத்தான் என் கை பழகியிருக்கிறது. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்

தைரியமாகப் போங்கள். இடது காலுக்கு ஒன்று சொல்ல மறந்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சென்ட்ரல் எதிரே பெரிய ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், அங்கேயும் மூட்டு மாற்றுகிறார்கள். தனியாரில் போனால் மூட்டு விலையைத் தனியாக எழுதிக் கேளுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு வரம்பு வைத்தபோது சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மீதிப் பணம் அறைக்கும் மற்றதற்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் என்ன மூட்டு, என்ன சைஸ் என்று கேட்டால் அது ஒன்றுதான் சாட்சி.

பெரம்பூர் தையல்காரி

16 நாள் கழித்து எழுதுகிறேன். வியாழக்கிழமை மடக்கினார்கள். டேபிளில் 110 வந்ததை போனில் படம் எடுத்துக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் 85. அழுதேன். மூன்று நாள் டிரைவர் அண்ணா சொன்னது போலத்தான் இருந்தது, இல்லை, அவர் குறைத்துச் சொல்லியிருக்கிறார். எலும்பு உடையவில்லை, மூட்டும் கழலவில்லை. மருமகளிடம் சொன்னால் "இன்னும் நாள் இருக்கு" என்கிறாள்.

பிசியோ மறுபடி தினமும் வருகிறார். காசுக்குப் பதிலாக அவர் மனைவிக்கு நான்கு ரவிக்கை, லைனிங்கோடு. நேற்று அளந்ததில் 97. எல் ஸ்கேலைக் குதிகால் தாண்டிவிட்டது. படி இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில் என்று அவர் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்ததைப் பேரனும் கூடவே சொல்கிறான். வீக்கம் 16¾. மரத்த இடம் அப்படியே இருக்கிறது, சத்தமும் இருக்கிறது.

ஒரு கல்யாணத் துணியை ஓட்டேரியில் இருக்கும் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டேன், இன்னொன்றை நானே தைக்கிறேன். அரை மணி நேரம் மிதித்தால் பத்து நிமிடம் ஐஸ். இடது காலைப் பற்றி தீபாவளி தையல் முடிந்ததும் யோசிக்கிறேன். ஆனால் இந்த முறை கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போவேன்.

நீட்டுவதுதான் மெதுவாக வருகிறது. நூல்கண்டு இப்போது நுழையவில்லை. துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் இன்னும் நுழைகிறது.