கம்ப்யூட்டரால வந்த வம்பு: ஸ்டேஷனோ ஆஸ்பத்திரியோ, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

செங்கோட்டை பிரவுசிங்:
2012. புளியரை தாண்டி மஃப்டியில ரெண்டு கேரளா போலீஸ். கையில என் கடை நெட் கனெக்‌ஷனோட ஐபி நம்பர், தேதி, மணி. "அன்னைக்கு மூணே முக்காலுக்கு இவிடெ ஆரு இருந்தது?" பிரவுசிங் சென்டருக்கான 2011 ரூல்தான் தெரியுமே, அடையாள அட்டை பார்க்கணும், ரெஜிஸ்டரை ஒரு வருஷம் வச்சிருக்கணும். நானும் பெருமையா எடுத்து நீட்டினேன். ஒருத்தர் விரல் வரிவரியா எறங்கி வந்து ஒரு இடத்துல நின்னுச்சு. மணி இருக்கு, சீட் நம்பர் இருக்கு, பேர் மட்டும் இல்ல. கடைப் பையன் எழுதினது. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி. இன்னொருத்தர் கேபின் தடுப்புப் பக்கத்துல நின்னு தன் உயரத்தை வச்சு அளந்துட்டுச் சிரிச்சார். நாலரை அடிக்கு மேல கூடாது, என்னோடது ஆறு. ராத்திரியே ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்தேன்.

களியக்காவிளை டிடிபி:
போலீசெல்லாம் பரவாயில்ல அண்ணாச்சி. 2016 எலக்‌ஷன், ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நாள் ஓட்டு. பாறசாலைக்கு மலையாளம், குழித்துறைக்குத் தமிழ்னு ராப்பகலா நோட்டீஸ் அடிச்சேன். நடுராத்திரி எழும்பி கையை உதறுவேன். வீட்டுக்காரி "யாருக்கு டாட்டா காட்டுதீங்க?"ன்னா. டாக்டர் முதல்ல கேட்டது ஒண்ணுதான்: "சுண்டுவிரலும் மரக்குதா?" இல்லேன்னேன். அப்போ மணிக்கட்டுல நரம்பு அமுங்குதுன்னார். சுண்டுவிரலுக்கு வேற நரம்பாம். கார்ப்பல் டன்னல். ரொம்ப நாள் பட்டை கட்டிட்டுத்தான் தூங்கினேன்.

கம்பம் ஏலக்காய்:
டிடிபி அண்ணே, டைப் அடிச்சதாலதான்னு அடிச்சுச் சொல்லாதீங்க. சுகர், தைராய்டு இருந்தாலும் அது வரும். பார்த்தீங்களா?
என் கதை சின்னது. புற்றடியில ஏலக்காய் இ-ஏலம், திரையைப் பார்த்துத்தான் விலை கேக்கணும். இமைச்சா லாட் போயிரும். ஒரு நாள் சாயங்காலம் கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், குமுளி செக்போஸ்ட் விளக்கு கலங்கலாத் தெரிஞ்சுது. இமைக்க மறந்ததுதான் காரணம்.
அதனால சொல்றேன், கேட்டுக்கங்க. 20 நிமிஷத்துக்கு ஒருதரம், 20 அடி தூரத்துல எதையாவது 20 விநாடி பாருங்க. திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேல போகக்கூடாது, கை நீட்டுற தூரம் தள்ளி இருக்கணும். ஃபேன் காத்து மூஞ்சியில நேரா அடிக்கக்கூடாது. ஜன்னல் பக்கவாட்டுல இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால இருந்தா திரையில கூசும். நீல வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடின்னு கடைக்காரன் நீட்டுவான். கண் அசதிக்கு அது கேக்கும்னு உருப்படியான ஆதாரம் இல்ல, காசு மிச்சம். கடையில நிக்கிறவங்க உட்கார்றதுக்கு கேரளாவுல 2018லயும் நம்ம பக்கம் 2021லயும் சட்டம் வந்துச்சு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எந்திரிக்கிறதுக்கு ஒரு சட்டம் வேணும்.

பாறசாலைத் தமிழன்:
ஏலக்காய் சார், தலைப்பை ஒருதரம் படிங்க, யாரும் வைத்தியம் கேக்கல.
ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு, 2016. என்னைய ஸ்டேஷன்ல உட்கார வச்சு, பேப்பர்ல 66 ஏ-ன்னு எழுதிட்டார், ஐடி சட்டத்துல நெட்ல தப்பா மெசேஜ் போட்டா பிடிக்கிற பிரிவு. மச்சினன் வக்கீலுக்குப் படிக்கிறவன். மெதுவா, "சாரே, அதைப் போன வருஷம் மார்ச் 24-லயே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணியாச்சு, கேரள போலீஸ் சட்டத்துல அதே மாதிரி இருந்த 118 டி-யும் கூடவே போச்சு"ன்னான். அவர் பேனாவை எடுத்து அடிச்சார். நிதானமா ரெண்டு கோடு. அப்புறம் பேப்பரையே பார்த்துட்டிருந்தார். வேற பிரிவு எழுதுவாரா, போகச் சொல்லுவாரா, எனக்கு வயித்தைக் கலக்குது. "சாயா குடிச்சோ?"ன்னு கேட்டார்.
செங்கோட்டை அண்ணாச்சி, அந்த ஆளு சிக்கினானா?

செங்கோட்டை பிரவுசிங்:
தெரியல. அவங்க தூக்கிட்டுப் போன சிபியு போனதுதான். இருபது ரூபா குடுத்துட்டு மீதி அஞ்சு ரூபாயை வாங்காமலே போனான்னு கடைப் பையன் சொன்னான்.